பல் பதிந்த மஞ்சள்

பகலில் நான் பல் கட்டுகிறேன்.
ஆமர்ஸ்ஃபூர்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடியில்,
முகம் தெரியாத ஒரு வாய்க்கு
ஒரு சிரிப்பை மெழுகில் செதுக்கி, பீங்கானில் சுட்டு,
பெட்டியில் பெயர் எழுதி அனுப்புகிறேன்.

பல்லில் வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது.
காப்பி குடித்த வெள்ளை, புகை பிடித்த வெள்ளை,
பக்கத்துப் பல்லோடு சண்டைக்குப் போகாத வெள்ளை.
பதினாறு மாதிரிகள் கோத்த பட்டையைச்
சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.
விளக்கை நம்பமாட்டேன்.

இரவில் ரயில் கட்டுகிறேன்.
லெகோ துண்டுகளில்.
ஆமாம், நாற்பத்து மூன்று வயதில்.
சாப்பாட்டு மேசையில் பாதி எனக்கு,
மீதி யூர்ரியானுக்கும் சாப்பாட்டுக்கும்.

எங்கள் நாட்டில் ஒரு பழைய ரயிலுக்கு
நாய்த்தலை என்று பெயர்.
முகவாய் நீண்டு, கண்கள் மேலேறி,
மோப்பம் பிடித்தபடி நடைமேடைக்குள் வரும்.
அந்த மூக்கு என் நான்கு மாதங்களைத் தின்றது.
துண்டுகளெல்லாம் சதுரம்; நாயில் எங்கே சதுரம்?
குமிழ்களை மேல்நோக்கி வைத்தேன், படிக்கட்டு.
பக்கவாட்டில் திருப்பினேன், வாத்து.
பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்து
தலைகீழாகக் கட்டினேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை
அது என்னைப் பார்த்துக் குரைத்தது.
யூர்ரியான் தலை நிமிராமல் கேட்டான்:
"அதற்கும் ஒரு தட்டு வைக்கவா?"

அப்புறம் மஞ்சள்.
புதிதாய் வாங்கிய மஞ்சளும் கையிருப்பு மஞ்சளும்
இரவில் ஒரு தாய் மக்கள்.
விடிந்து பார்த்தால்
மூன்றாவது பெட்டி பல்லிளித்தது.
வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.
என் பிழைப்பு அப்படி.

டெல்ஃப்ஸைலில் கெர்லோஃப் என்று ஒருவர்
பழைய மஞ்சள் இருநூறு துண்டுகள் அனுப்பினார்,
தயிர் டப்பாவில்.
கழுவித் துவாலையில் பரப்பும்போது
ஒன்றில் விரல் தடுக்கியது.

கண்ணாடியை மாட்டினேன்.
மேல்வரிசை. பால்பற்கள்.
நடுவிலிருக்க வேண்டிய இரண்டில் ஒன்று இல்லை.
ஆறரை, ஏழு வயது.
ஒட்டிக்கொண்ட இரண்டைப் பிரிக்க
நகம் தோற்ற இடத்துக்குப்
பல் வந்திருக்கிறது.
நாமெல்லோரும் செய்ததுதான்.

எழுதிக் கேட்டேன்: இந்தக் கடி உங்களுடையதா?
இரண்டு நாள் கழித்துப் பதில்:
"இல்லை. அக்காவிடமும் கேட்டுவிட்டேன், அவளுடையதும் இல்லை.
நாங்களே அதைப் பழையதாகத்தான் வாங்கினோம்.
காசைத் திருப்பித் தரட்டுமா?"

பல் போனால் சொல் போச்சு.
இங்கே சொல்ல வேண்டிய ஆளே போய்
பல் மட்டும் நிற்கிறது.

அடிபட்ட துண்டை உள்ளே போடுவது வழக்கம்,
பேட்டரியை மறைக்கும் சுவரில், வெளிச்சம் படாமல்.
நான் மூன்றாவது பெட்டியின் கதவுக்கு மேல்,
தடம் வெளியே தெரிய வைத்து அழுத்தினேன்.
டக்.

நவம்பரில் கண்காட்சி. விளையாட்டரங்கின்
கூடைப்பந்துக் கோடுகளுக்கு மேல் எங்கள் தண்டவாளம்.
வளைவில் இரண்டு முறை கவிழ்ந்தது, மூன்றாம் முறை
ஒரு சக்கரத்தைக் கழற்றியதும் ஒழுங்காக ஓடியது.
ஒரு சிறுமி கேட்டாள், ஓட்டுநர் எங்கே என்று.
அவர் இருக்கையில் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது என்றேன்.
"அப்போ அவர் எப்படி வீட்டுக்குப் போவார்?"
நான் இன்னும் யோசிக்கிறேன்.

ஒரு சுற்றுக்கு நாற்பது நொடி.
கயிற்றுக்கு அப்பால் குனிந்த முகங்கள், வாய் பிளந்து.
பழக்கதோஷம்.
நான் ரயிலைப் பார்க்கவில்லை.
ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கட்டியவை, அடைத்தவை, கம்பி போட்டு நேராக்கியவை,
நான் தேடும் பல்
என்றோ விழுந்து
எந்தத் தலையணைக்கடியிலோ போயிருக்கும்
என்று தெரிந்தே.